சந்தேக நபரும் மூன்றாவது கிளையும்

ஒரே ஒரு ஊரிலே, மூன்று மாடிக் கட்டிடம் ஒன்றிலே, இரண்டாவது மாடியிலே, எதையும் நம்பாத ஒரு மனுஷர் இருந்தாராம். நாற்காலியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாராம். சுவர்க் கடிகாரம் ஐந்து அடித்தால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பாராம், பிறகு வெயிலைப் பார்ப்பாராம், மூன்றில் இரண்டு ஒத்துப்போனால்தான் மணி ஐந்து என்று ஒப்புக்கொள்வாராம். கண்ணாடி முன்னால் நின்றால்கூட, இந்த ஆள் ஏன் நம்மை இப்படி முறைக்கிறான் என்று ஒரு விநாடி யோசித்துவிட்டுத்தான் சவரம் செய்வாராம்.

அவரைக் குறை சொல்லக் கூடாது. தொழில் அப்படி. லிஃப்ட் இன்ஸ்பெக்டர். நாமெல்லாம் லிஃப்டுக்குள் நிற்கிறோம். அவர் லிஃப்டின் தலைமேல் நிற்கிறவர். டார்ச் அடித்துக்கொண்டு, அந்த இருட்டுக் குழிக்குள் மேலும் கீழுமாகப் போய்வந்து, கூண்டைத் தாங்கும் இரும்புக் கயிறுகளைச் சாண் சாணாகத் தடவிப் பார்ப்பார். ஒரே ஒரு இழை பிரிந்திருந்தாலும் சிவப்பு மையில் ‘தகுதியில்லை’ என்று எழுதிவிட்டு வந்துவிடுவார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கையெழுத்துப் போட்ட ஒரு லிஃப்டும் நடுவழியில் நின்றதில்லை. ஆபீசில் அவருக்கு ‘டார்ச் சார்’ என்று பெயர். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

அவர் மனைவி மழலைப் பள்ளியில் டீச்சர். நாலு வயசுப் பிள்ளைகள் இருபத்தாறு பேரை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, ஒரு நாளும் குரலை உயர்த்தாமல் பதினெட்டு வருஷம் ஓட்டியவர். இதை மட்டும் மனசில் வையுங்கள். டார்ச் சார் வைக்கவில்லை.

அப்படிப்பட்டவரை ஒரு நாள் ஒரு சின்ன மெஷின் ‘தகுதியில்லை’ என்று சொல்லிவிட்டது.

“நூத்தி எழுபது,” என்றார் டாக்டரம்மா, கையில் கட்டிய பட்டையை அவிழ்த்துக்கொண்டே.

“மெஷின் சரியா இருக்கா?”

“போன மாசம்தான் செக் பண்ணினோம் சார்.”

“யாரு பண்ணினது? சீல் எங்க?”

டாக்டரம்மா பட்டையைத் தன் கையில் கட்டிக் காட்டினார். நூற்றுப் பதினெட்டு. டீச்சர் கையில் கட்டினார். நூற்று இருபது. மறுபடி டார்ச் சார் கையில் கட்டினார். நூற்று எழுபத்தாறு. மெஷினைச் சந்தேகப்பட்டதற்கு ஆறு கூடியிருந்தது.

விஷயம் விளையாட்டில்லை. ஆபீஸ் விதி ஒன்று இருக்கிறது. பிரஷர் நூற்று நாற்பதுக்கு மேல் இருப்பவர் குழிக்குள் இறங்கக் கூடாது. ஆறு வாரம் அவகாசம் கொடுப்பார்கள். அதற்குள் பிரஷர் இறங்கவில்லை என்றால் ரெக்கார்டு ரூம். தரைக்கு அடியில், ஜன்னல் இல்லாத அறை. மற்றவர்கள் சோதித்த லிஃப்டுகளின் காகிதங்களை வருஷவாரியாக அடுக்குகிற வேலை. அடுத்தவன் பார்த்ததை நம்பி அடுக்கவேண்டும். டார்ச் சாருக்கு அதைவிடத் தூக்குக் கயிறு மேல். அதையாவது இழுத்துப் பார்த்துச் சோதிக்கலாம்.

“மாத்திரை ரெண்டு வருஷமா போட்டுக்கறீங்க,” என்றார் டாக்டரம்மா. “கூட்டிக்கிட்டே போக எனக்கு இஷ்டமில்ல. வேற ஒண்ணு சொல்றேன். வீட்டுக்குப் பக்கத்துல மரம் இருக்கா?”

“எதுக்குக் கேக்கறீங்க?”

“இருக்கு டாக்டர்,” என்றார் டீச்சர். “பின்னாடி முத்தத்துல. பெரிய மரம்.”

“நல்லதாப் போச்சு. தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் அந்த மரத்தைப் பாருங்க சார். ஒரு நோட்டு வாங்கி, பார்த்ததை எழுதுங்க. எந்தப் பறவை வந்துச்சு, இலை எப்படி இருக்கு, நேத்திக்கும் இன்னிக்கும் என்ன வித்தியாசம். படம் போட்டாலும் சரி, கோணலா வந்தாலும் சரி.”

“அதனால?”

“மனசு ஒரே இடத்துல நிக்கும். அது நின்னா மூச்சு அடங்கும். மூச்சு அடங்கினா இதுவும் அடங்கும்,” என்று மெஷினைத் தட்டினார்.

வெளியே வந்ததும் டார்ச் சார் நேராக எதிர்ப்பக்கத்து நோட்டுப்புத்தகக் கடைக்குப் போனார். கடைக்காரரைக் கூர்ந்து பார்த்தார்.

“எதிர்த்த டாக்டரம்மா உங்களுக்கு என்ன வேணும்?”

“எந்த டாக்டரம்மா?”

“ஓஹோ,” என்றார் டார்ச் சார். திரும்பி மனைவியிடம் சொன்னார்: “நல்லா சொல்லிக்கொடுத்து வச்சிருக்காங்க.”

டீச்சர் பச்சை அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் டார்ச் சார் முற்றத்துக்கு இறங்கினார். மரத்தடியில் சிமெண்டு பெஞ்சு ஒன்று. அதை ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை, உட்கார்ந்தார். நாலாவது நிமிஷம் எழுந்து மேலே வந்துவிட்டார். டீச்சர் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

‘மரம்: 1. இலைகள்: உள்ளன. கிளைகள்: போதுமான அளவு. சாய்வு: இல்லை. நிலை: திருப்திகரம். அடுத்த ஆய்வு: ஓராண்டுக்குப் பின்.’

கீழே கையெழுத்து. அதன் கீழே தேதி.

“அடுத்த வருஷமா?” என்று கேட்டார் டீச்சர்.

“மரத்துக்கு அது போதும். அது என்ன ஏறி இறங்கவா போகுது?”

“டாக்டர் அரை மணி நேரம்னு சொன்னாங்களே.”

“இதோ பாரு. ஒரு பெரிய மனுஷன் பட்டப்பகல்ல பெஞ்சுல உக்காந்து மரத்தை முறைச்சிக்கிட்டிருந்தா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? நானே பார்த்தா போலீசுக்குப் போன் பண்ணுவேன்.”

“அப்ப ரெக்கார்டு ரூம்?”

“அதுக்கு வேற வழி வச்சிருக்கேன்.” வேறு வழி ஒன்றும் இல்லை. அது அவருக்கும் தெரியும், டீச்சருக்கும் தெரியும்.

“சரி விடுங்க,” என்றார் டீச்சர். “ஒரு பக்கம் போக மிச்சம் வெத்தாத்தானே இருக்கு. நோட்டு வீணாப் போக வேண்டாம். நான் எழுதிக்கறேன்.”

சரி என்று ஒரு சொல். சண்டையில்லை, முணுமுணுப்பில்லை. முப்பது நாள் முன்னால் ஒரு பழைய குடையைத் தூக்கிப் போடுவதற்கே ஒன்றரை மணி நேரம் வாதாடிய பெண்மணி. டார்ச் சாருக்குக் காது லேசாகச் சூடானது.

அடுத்த நாள் ஐந்து நாற்பதுக்கு டீச்சர் நோட்டோடு இறங்கிப் போனார். ஆறு பத்துக்கு வந்தார். வரும்போது முகத்தில் ஒரு சிரிப்பு. வாய்க்குள்ளேயே மடித்து வைத்த சிரிப்பு.

“என்ன எழுதின?”

“மரம்தான்.”

“காட்டு.”

“டாக்டர் யாருக்கும் காட்ட வேண்டாம்னு சொன்னாங்க.”

“எப்ப சொன்னாங்க? நானும்தானே இருந்தேன்.”

“நீங்க கடைக்காரரை விசாரிக்கப் போனீங்களே, அப்ப.”

டார்ச் சாரின் தலைக்குள் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் இல்லாதபோது இரண்டு பேரும் பேசியிருக்கிறார்கள். டாக்டரும் மனைவியும். தனியாக.

மறுநாள் நோட்டு அலமாரியில் இல்லை. தலையணைக்குக் கீழே இல்லை. மாவு டப்பாவில்கூட இல்லை; கையை விட்டுப் பார்த்ததில் சட்டைதான் வெள்ளையானது.

“என்ன தேடறீங்க?”

“ஒண்ணுமில்ல.”

“முழங்கை வரைக்கும் ஒண்ணுமில்லயா?”

கீழ் வீட்டில் ஓய்வு பெற்ற ரயில் கார்டு ஒருவர் இருந்தார். முப்பது வருஷம் வண்டியின் கடைசிப் பெட்டியில் தனியாகப் போனவர் என்பதால் யார் கிடைத்தாலும் விடமாட்டார். டார்ச் சார் அவரிடம் பட்டும் படாமல் கேட்டார்.

“மாமா, ஒரு பொதுவான சந்தேகம். ஒரு வீட்டுல, நான் நம்ம வீட்டைச் சொல்லல, ஒரு சம்சாரம் திடீர்னு நோட்டுப்புத்தகம் எழுத ஆரம்பிச்சா என்ன அர்த்தம்?”

“மறைக்கிறாங்களா?”

“மறைக்கிறாங்க.”

“எழுதும்போது சிரிக்கிறாங்களா?”

“லேசா.”

கார்டு மாமா கண்ணை மூடிக்கொண்டார். “தம்பி, சம்சாரம் எழுதறது ரெண்டே வகை. ஒண்ணு சாமான் லிஸ்ட்டு. இன்னொண்ணு சாட்சியம். சாமான் லிஸ்ட்டுக்கு யாரும் சிரிக்க மாட்டாங்க.”

“சாட்சியமா? யாருக்கு?”

“அது நீங்க கண்டுபிடிக்கவேண்டியது. என் சம்சாரம் பதினோரு வருஷம் எழுதினா. எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு நாள் மகளோட மாமியார் வீட்டுக்காரங்க முன்னாடி சத்தமா வாசிச்சா.”

“அப்புறம்?”

“அப்புறம் நான் ரிடயர் ஆகற வரைக்கும் டபுள் டியூட்டி பார்த்தேன்.”

டார்ச் சாருக்கு எல்லாம் கண்ணாடி மாதிரித் தெரிந்துவிட்டது. டீச்சர் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: போதும், அந்தக் குழிக்குள்ள இறங்கினது போதும், எனக்கு ராத்திரி தூக்கம் வரல. சொல்லி நடக்காததை இப்போது எழுதி நடத்தப் பார்க்கிறார். கணவன் இன்று மூன்று தடவை கத்தினார், நேற்று கதவை அறைந்தார், முந்தாநாள் தோசைக்கரண்டியைக் கடுமையாகப் பார்த்தார் என்று ஆறு வாரத்துக்கு எழுதி டாக்டரிடம் கொடுத்தால் போதும். மெஷின்கூட வேண்டியதில்லை. நேரே ரெக்கார்டு ரூம்.

விடுவாரா டார்ச் சார்? சாட்சியத்துக்கு எதிர்ச் சாட்சியம். ஆபீசில் கொடுத்த நீல அட்டை ஆய்வு நோட்டு ஒன்றை எடுத்தார். முதல் பக்கத்தில் ‘என் தரப்பு’ என்று எழுதி இரண்டு கோடு போட்டார்.

இரண்டாவது மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில், படிக்கட்டு திரும்புகிற இடத்தில் ஒரு ஜன்னல். அங்கிருந்து பார்த்தால் மரமும் பெஞ்சும் நேர் கீழே. ஜன்னல் கதவை ஒருக்களித்து வைத்து, அந்த இடுக்கில் ஒரு கண்ணை வைத்தார்.

‘முதல் நாள். மாலை 5.42: சந்தேக நபர் (மனைவி) பெஞ்சில் அமர்ந்தார். 5.44: மேலே பார்த்தார். 5.45: எழுதினார். 5.46: மறுபடி மேலே பார்த்தார். எதைப் பார்க்கிறார் என்று தெரியவில்லை.’

அங்கேதான் சிக்கல். எழுதுவது மரத்தைப் பற்றியா, தன்னைப் பற்றியா என்று நிரூபிக்கவேண்டுமானால் அவர் பார்க்கும் இடத்தில் உண்மையிலேயே எழுதுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று தெரியவேண்டும். இல்லாவிட்டால் அவர் மேலே பார்ப்பது வெறும் நடிப்பு. ஆகவே டீச்சர் எங்கே பார்த்தாலும் டார்ச் சாரும் அங்கே பார்த்தார்.

‘இரண்டாம் நாள். 5.51: சந்தேக நபர் பார்த்த இடம், இடமிருந்து மூன்றாவது கிளை. அங்கே இருந்தது: பழுப்புத் தலைப் பறவை ஒன்று. 5.53: கூட்டாளி வந்தது. கையில், அதாவது வாயில், நார்.’

மூன்றாம் நாள் டீச்சர் குளிக்கப் போனபோது பச்சை நோட்டு மேஜைமேல் திறந்தபடியே கிடந்தது. எப்போதும் இல்லாத அலட்சியம். டார்ச் சார் விரல்நுனியில் நடந்து போனார். குளியலறைக் கதவு திறப்பதற்குள் இரண்டே வரி படிக்க முடிந்தது.

‘இன்றும் அதே நேரத்துக்கு வந்தது. நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.’

எது வந்தது? என்ன நேரத்துக்கு? டார்ச் சாருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. தினமும் ஒரே நேரத்தில் வருகிற ஏதோ ஒன்று அந்த முற்றத்தில் இருக்கிறது. அப்படி ஒன்று நிஜமாகவே இருந்தால் மனைவி எழுதுவது மரக்கதைதான், வேலைக்கு ஆபத்தில்லை. இல்லாவிட்டால் அது சங்கேதம். எல்லாம் அதில்தான் தொங்கியது.

அன்று முதல் ஐந்தரைக்கே ஜன்னலில் ஆஜர். வருகிற ஒவ்வொன்றையும் நேரம் போட்டு எழுதினார்.

‘அணில்: திங்கள் 5.40, செவ்வாய் 5.58, புதன் வரவில்லை. நேரம் தவறும் பேர்வழி. நீக்கப்படுகிறது.’

‘காகம்: நாள் முழுதும் இங்கேதான் இருக்கிறது. வருவதில்லை. நீக்கப்படுகிறது.’

‘பூனை: ஆறாம் நாள் வந்தது. 5.47. ஏழாம் நாளும் 5.47. வலுவான சந்தேகம். எட்டாம் நாள்: அது கார்டு மாமா வீட்டுப் பூனை. அவர் ஜன்னலைத் திறக்கும் நேரம் 5.47. நீக்கப்படுகிறது.’

எறும்பு வரிசைக்கு ஒரு பக்கம். மரப்பட்டையில் ஒட்டிக்கொண்டு தானே பட்டை என்று நடித்த ஒரு பூச்சிக்கு அரைப் பக்கமும் ஒரு படமும். ‘போலி அடையாளம்’ என்று அடிக்கோடு. பிறகு ஒன்பதாம் நாள் சிலந்தி. கிளையிலிருந்து ஒற்றை இழையில் இறங்கிக்கொண்டிருந்தது. டார்ச் சார் ஜன்னலை இன்னும் இரண்டு விரல்கடை திறந்தார்.

‘இறங்குமுன் இழையை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறது. பாதி வழியில் நின்று மறுபடி இழுக்கிறது. காற்று அடித்தால் காத்திருக்கிறது. இந்த மரத்தில் ஒழுங்காக வேலை செய்யும் ஒரே ஆள்.’

அன்றைக்குச் சந்தேக நபரைப் பற்றி எழுத மறந்துபோனார்.

“என்ன தம்பி, இங்க நிக்கறீங்க?” படியேறி வந்த கார்டு மாமா கேட்டார்.

“காத்து வாங்கறேன்.”

“ஜன்னல் சாத்தியிருக்கே.”

“கொஞ்சமா வாங்கறேன்.”

“சாட்சியம் என்னாச்சு?”

“ஸ்ஸ். மூணாவது கிளையைப் பாருங்க. இப்ப ரெண்டாவது ஆள் வருவான். நேத்து வரைக்கும் நார் கொண்டுவந்தவன், இன்னிக்குப் பஞ்சு கொண்டுவரான். ஏன்?”

கார்டு மாமா அவரை ஏற இறங்கப் பார்த்தார். வந்த வழியே இறங்கிப் போய்விட்டார். அவருக்கு மேல் மாடியில் வேலை ஏதோ இருந்திருக்கவேண்டும், அதையும் மறந்துவிட்டார்.

இதற்கு நடுவில் இன்னும் சில சங்கதிகள் நடந்தன. அவற்றையும் டார்ச் சார் விடாமல் பதிவு செய்திருக்கிறார்.

‘பதினோராம் நாள்: ஜன்னல் அருகே யாரோ ஒரு ஸ்டூலை விட்டுப் போயிருக்கிறார்கள். பொறுப்பில்லாத குடியிருப்பாளர்கள். ஆட்டிப் பார்த்தேன். உறுதியாக உள்ளது.’

‘பன்னிரண்டாம் நாள்: ஸ்டூலுக்குப் பக்கத்தில், ஜன்னல் திண்டில், மூடி போட்ட கப்பில் டீ. யாரோ மறந்துவிட்டார்கள். சூடாக இருந்தது. மிகவும் சந்தேகத்துக்குரியது. சுவை: திருப்திகரம்.’

‘பதின்மூன்றாம் நாள்: மறுபடி டீ. மூன்றாவது மாடிக்காரராக இருக்கலாம். மறதிக்காரர். சர்க்கரை அளவு எனக்குத் தேவையானதுதான்.’

எதையும் நம்பாத மனுஷர் என்று சொன்னேன் இல்லையா? உலகத்திலுள்ள எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. சந்தேகம் ஒரு பக்கமாகப் போய்க்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து எதைக் கொண்டுவந்து வைத்தாலும் குடித்துவிடுவார்கள்.

நாள் ஓடியது. கூடு முடிந்தது. ‘கட்டுமானம்: காற்றடிக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் வாசல். பாரம் இரண்டு கவட்டில் சரிசமமாக இறங்குகிறது. யாரிடம் கற்றது?’ பெண் பறவை எழுந்திருக்காமல் உட்கார ஆரம்பித்தது. மழை ஒரு நாள். டார்ச் சார் குடை பிடித்துக்கொண்டு ஜன்னலில் நின்றார். படிக்கட்டுக்குள் மழை பெய்யாது என்பது அவருக்கு வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது. முப்பத்திரண்டாம் நாள் கூட்டிலிருந்து ஒரு வாய் மட்டும் எட்டிப் பார்த்தது. உடம்பே இல்லாத வெறும் வாய்.

‘5.50: சந்தேக நபர் எழுந்து உள்ளே போய்விட்டார். கவனிக்கவில்லை. இரண்டாவது வாய் திறந்தது.’

அதற்குப் பிறகு நோட்டில் சந்தேக நபரே இல்லை.

ஆறு வாரம் முடிந்தது. காலையில் மருத்துவமனைக்குக் கிளம்பும்போதுதான் டார்ச் சாருக்குப் பழைய சந்தேகம் திரும்பி வந்தது. தினமும் ஒரே நேரத்துக்கு வந்த அந்தப் பிராணி எது என்பதை அவர் கண்டுபிடிக்கவே இல்லை. பறவைகள்கூடச் சமயத்தில் முன்னே பின்னே. அப்படியானால் பச்சை நோட்டு சாட்சியம்தான். டீச்சரின் கைப்பை வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது.

டாக்டரம்மா பட்டையைக் கட்டினார். பம்பை அழுத்தினார். இறக்கினார். மறுபடி அழுத்தினார்.

“என்னாச்சு?” என்றார் டார்ச் சார். “மெஷினா?”

“நூத்தி இருபத்தெட்டு சார்.”

டார்ச் சார் எழுந்து நின்றார். ஆறு வாரமாக மடங்கிக் கிடந்த முதுகு நிமிர்ந்தது. “பாத்தீங்களா? மரமும் இல்ல, நோட்டும் இல்ல. ஒரு நாள் நாலு நிமிஷம் உக்காந்தேன், அதோட சரி. உடம்பு தானா இறங்கிடுச்சு. தப்பா நினைக்காதீங்க டாக்டர், உங்க வைத்தியத்தை நான் செய்யவே இல்ல.”

“அப்படியா மேடம்?” என்று டாக்டரம்மா திரும்பினார். “ஏதாவது எழுதினாரா?”

டீச்சர் கைப்பையைத் திறந்தார். பச்சை நோட்டு வரும் என்று டார்ச் சார் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். வந்தது நீல நோட்டு.

“அது என்னுது,” என்றார் டார்ச் சார்.

“ஆமா,” என்றார் டீச்சர்.

டாக்டரம்மா புரட்டினார். மெதுவாகத்தான் புரட்டினார். வெளியே மூன்று நோயாளிகள் இருமிக்கொண்டிருந்தார்கள்.

“முப்பத்தொம்பது நாள். ஒரு நாள் விட்டுப்போகல. படம் வேற. இந்த எறும்பு வரிசை அருமை சார். சிலந்தியைப் பத்தி எழுதியிருக்கீங்க பாருங்க, இத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன், இப்படி ஒருத்தரும் பார்த்து எழுதினதில்ல. இந்த ‘சந்தேக நபர்’னு போட்டிருக்கே, அது என்ன பறவை?”

“அது நான்தான் டாக்டர்,” என்றார் டீச்சர்.

“இது மரத்தைப் பத்தின நோட்டு இல்ல,” என்றார் டார்ச் சார். குரல் கொஞ்சம் கீழே போயிருந்தது. “இது ஆதாரம். இவங்க என்னைப் பத்தி எழுதறாங்க, அதுக்கு எதிரா நான்...”

“கடைசி ஒரு வாரமா இவங்க பேரே காணோமே சார். குஞ்சுதான் இருக்கு.”

டார்ச் சார் உட்கார்ந்தார். நாற்காலியை ஆட்டிப் பார்க்கவில்லை.

சர்டிபிகேட்டில் ‘தகுதியுள்ளவர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் டாக்டரம்மா. இன்னொரு சீட்டில் ஏதோ கிறுக்கி டீச்சரிடம் கொடுத்தார். டார்ச் சார் சர்டிபிகேட்டில் இருந்த சீலைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்ததால் சீட்டைக் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினார். கையை நீட்டினார்.

“பச்சை நோட்டைக் குடு.”

டீச்சர் எடுத்துக் கொடுத்தார். டார்ச் சார் நின்றபடியே படித்தார்.

‘முதல் நாள்: மரத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தேன். பலன் இருக்கும்.

மூன்றாம் நாள்: படிக்கட்டு ஜன்னலைத் தன் மறைவிடமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. இன்றும் அதே நேரத்துக்கு வந்தது. நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. மூச்சுச் சத்தம் முற்றம் வரைக்கும் கேட்கிறது.

பத்தாம் நாள்: நின்று நின்று கால் மாற்றுகிறது. ஸ்டூல் வைக்கவேண்டும்.

பன்னிரண்டாம் நாள்: டீ வைத்துப் பார்த்தேன். பழகிக்கொண்டது.

இருபதாம் நாள்: தனக்குள் பேசுகிறது. சிலந்தியைப் பாராட்டுகிறது. நம்மை ஒரு நாளும் பாராட்டியதில்லை.

முப்பதாம் நாள்: மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. போய்விட்டதோ என்று பயந்து நிமிர்ந்து பார்த்தேன். இருந்தது. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தது. கல்யாணம் ஆன புதிதில் பார்த்த முகம்.’

டார்ச் சார் கடைசி வரியை இரண்டு தடவை படித்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“அப்ப அந்த ‘அது’...”

“ஆமாங்க.”

“நான் பூனையை விசாரிச்சேன்.”

“பார்த்தேன்.”

“என்னை வேலையை விட்டுத் தூக்கணும்னுதானே ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டிருந்த?”

“பயந்து சொன்னேன். அந்த ரூம்ல உக்கார வச்சா நீங்க ஆறு மாசத்துல ஒண்ணுமில்லாமப் போயிடுவீங்கன்னு எனக்குத் தெரியாதா?” டீச்சர் நோட்டை வாங்கி மூடினார். “எங்க ஸ்கூல்ல ஒரு பய இருக்கான். பென்சிலைத் தொடவே மாட்டான். எழுதுடான்னா அழுவான். நான் பென்சிலை எடுத்துக் கைக்குள்ள மறைச்சுக்கிட்டு வேற பக்கம் பார்ப்பேன். ரெண்டு நிமிஷத்துல வந்து பிடுங்கிக்குவான்.”

“எனக்கு அம்பத்திரண்டு வயசு.”

“அவனுக்கு ரெண்டு நிமிஷம். உங்களுக்கு மூணு நாள்.”

டார்ச் சார் அறைக்கு நடுவில் நின்று ஒரு பெரிய சபதம் எடுத்தார். “இன்னிக்கோட சரி. இனிமே அந்த ஜன்னல் பக்கம் போகமாட்டேன். நீ எங்க போனாலும் என்ன எழுதினாலும் திரும்பிப் பார்க்கமாட்டேன். என்னை இன்னொரு தடவை யாரும் ஏமாத்த முடியாது.”

“சரிங்க,” என்றார் டீச்சர்.

அந்தச் சரியை டார்ச் சார் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

மறுநாள் ஐந்தரை மணி. டார்ச் சார் வீட்டு ஜன்னலுக்கு முதுகு காட்டி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீச்சர் உள்ளேயிருந்து வந்தார். காலில் வார் வைத்த செருப்பு. வெகுதூரம் நடக்கும்போது மட்டும் போடுவது. தோளில் பை. பைக்குள் புத்தம்புதிய சிவப்பு அட்டை நோட்டு, பாதி வெளியே தெரிகிற மாதிரி. கையிலிருந்த டாக்டர் சீட்டை மேஜைமேல் வைத்து, பறக்காமல் இருக்க அதன்மேல் நீல நோட்டை வைத்தார்.

“எங்க?” என்றார் டார்ச் சார், திரும்பாமல்.

“குளக்கரை வரைக்கும்.”

“அவ்வளவு தூரமா? எதுக்கு?”

“சும்மாதான்.”

“மரம் இங்கதானே இருக்கு?”

“மரம் இருக்கு,” என்று டீச்சர் வாசல்படியில் நின்று, வாய்க்குள் மடித்த அதே சிரிப்போடு சொன்னார். “நீங்க வர வேண்டாம். அது புது ஆளைப் பார்த்தா மறைஞ்சிடும்.”

“எது?”

செருப்புச் சத்தம் படியில் இறங்கிப் போனது. முதல் மாடி. கீழ்த்தளம். வெளிக்கதவு.

டார்ச் சார் உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிஷம். நேற்றுதான் சபதம். அதை யாரும் மறக்கவில்லை. ஆனால் நியாயமாக யோசிக்கவேண்டும். நேற்று சொன்னது ஜன்னலைப் பற்றி. இது ஜன்னலே இல்லை. அது மரம், இது குளம். ஒரு தடவை ஏமாற்றியவர் அதே மாதிரி மறுபடியும் ஏமாற்றுவாரா? மாட்டார். அது அவருக்கே தெரியும். ஆகவே இந்தத் தடவை நிஜமாகவே ஏதோ இருக்கிறது.

எழுந்தார். மேஜையிலிருந்து நீல நோட்டை வெடுக்கென்று எடுத்தார். அடியிலிருந்த சீட்டு விசிறிக் காற்றில் புரண்டு நிமிர்ந்து படுத்தது. ‘இரண்டாம் கட்டம்: தினமும் நாற்பது நிமிடம் வேக நடை. கட்டாயம்.’ டார்ச் சார் அதைப் பார்க்கவில்லை. அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

தெருவில் டீச்சர் எட்டு விளக்குக் கம்பம் முன்னால் போய்க்கொண்டிருந்தார். டார்ச் சார் சுவரோரமாக, ஒருவர் கண்ணிலும் படாமல், கார்டு மாமா கையசைத்ததைக்கூடப் பார்க்காத மாதிரி, பின்னால் போனார். டீச்சர் திரும்பவே இல்லை. நடையை மட்டும் கொஞ்சம் கூட்டினார். டார்ச் சாரும் கூட்டினார். தெரு முனையில் முன்னவர் மறைந்தார். விட்டுவிடக் கூடாதே என்று நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பின்னவரும் கைவீசி வேக வேகமாக நடந்து மறைந்தார்.